சொல்லிவிட்டுப் போடும் ஊசி

பொய்யே பேசாத மனுஷி என்று யாராவது அவரைப் பற்றிச் சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். பெரியவர்களிடம் அவர் சொன்ன பொய்களுக்குக் கணக்கே கிடையாது. காலையில் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் காத்திருக்கும்போது, "வையப்பமலை தாண்டிட்டேன் சார், இதோ வந்துட்டேன்" என்று என் போனில் அவர்களிடம் சொல்வார். பின்னால் அவர் வீட்டுக் குக்கர் விசிலடிப்பது எனக்குத் தெளிவாகக் கேட்கும். பல்செட் எப்போது வரும் என்று கேட்கிற பெரியவரிடம், சேலத்தில் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள் என்பார். அளவெடுத்த அச்சு அப்போது எங்கள் மேஜையிலேயே காய்ந்துகொண்டிருக்கும். கல்யாணப் பேச்செடுத்த சொந்தக்காரர்களை, ஜாதகத்தில் தனக்கு ஏதோ பயங்கரமான தோஷம் என்று சொல்லித் துரத்தியதையும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

குழந்தைகளிடம் மட்டும் பொய் சொல்ல மாட்டார். மற்றவர்களைச் சொல்லவும் விட மாட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவர் பிடித்த பிடிவாதத்தால் அந்த ஆஸ்பத்திரியில் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பட்டதற்காக நான் வருத்தப்படவும் இல்லை.

மல்லசமுத்திரம் கடைவீதியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தப் பல் ஆஸ்பத்திரி. அதன் சொந்தக்காரர் பெரிய டாக்டர். அவருக்குச் சேலத்திலும் ஓர் ஆஸ்பத்திரி உண்டு என்பதால் இங்கே பாதி நாள்தான் வருவார். மீதி நாட்களைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வைத்த சின்ன டாக்டர்தான் நான் சொல்கிறவர். முப்பது வயதுகூட இருக்காது. நான் அங்கே உதவியாள். வாயில் ஊறும் எச்சிலை உறிஞ்சுகிற குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது, சாமான்களைக் கழுவிக் கொதிக்க வைப்பது, குழந்தைகள் வந்தால் காலைப் பிடித்துக்கொள்வது எல்லாம் என் வேலை. இந்தக் கடைசி வேலையை அவர் வந்த வாரத்திலேயே என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்.

அவருக்குச் சொந்த ஊர் கெங்கவல்லி. எங்கள் பக்கத்து ஆட்களைப்போல வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேச வராது. "உக்காருங்க, வாயத் திறங்க" என்பதில் வருகிற 'ங்க'வோடு சரி. மரியாதை தெரியாத பொண்ணு என்று கடைவீதியில் பேசிக்கொண்டார்கள். அவர் காதுக்கும் அது போனது. "மரியாதையெல்லாம் நாக்குலயா அக்கா இருக்கு?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் பழையபடியே பேசிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் குழந்தைகளை மிரட்டுவதற்குப் பேய், பூச்சாண்டி எல்லாம் இப்போது செல்லாது. ஊசிதான். சோறு தின்னவில்லையா, ஊசி போட்டுவிடுவார்கள். ஹோம்வொர்க் எழுதவில்லையா, ஊசி. ஒருநாள் ஓர் அம்மா பஞ்சுமிட்டாய்க்கு அழுத பையனை மாடி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து, "டாக்டரம்மா, இவனுக்குப் பெரிய ஊசியா ஒண்ணு போடுங்க" என்று கண்ணடித்தார். நானாக இருந்தால் சிரித்து, ஒரு சிரிஞ்சைத் தூக்கிக் காட்டியிருப்பேன். அவர் அந்தப் பையனிடம் குனிந்து, "உனக்குப் பல்லு வலிக்குதா?" என்றார். அவன் இல்லையென்று தலையாட்டினான். "அப்ப உனக்கு ஊசி கிடையாது. அம்மா சும்மா சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்து நிமிர்ந்தார். "நாளைக்கு இவனுக்கு நெசமாவே பல்லு வலிச்சா என்கிட்டத்தான கூட்டிட்டு வருவீங்க? அன்னைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு அவன்கிட்ட நிக்கிறது?"

அந்த அம்மா படியிறங்கும்போது எங்களை வாழ்த்திக்கொண்டு போகவில்லை.

இதற்கெல்லாம் மூலம் அவருடைய காதுகுத்து. அதை ஒரு மத்தியானம் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். அவருக்கு அப்போது நான்கைந்து வயதாம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, சுற்றி நின்ற உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில், "அதா பாரு காக்கா, காக்கா பாரு" என்று மேலே கை காட்டினார்களாம். மேலே பார்த்தால் காக்காயே இல்லை. கீழே குத்தியாகிவிட்டது. எல்லோரும் சிரித்தார்களாம்.

"வலி அன்னைக்கே போயிருச்சு அக்கா. ஆனா அத்தன பேரும் சேர்ந்து இல்லாத காக்காவக் காட்டினாங்க பாருங்க, அது போகல" என்றார். இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகளுக்கும் நாங்கள் அப்படித்தான் குத்தினோம். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது.

அப்படிப்பட்டவர்தான் ஒருநாள் அந்தக் கண்ணாடியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கண்ணுக்கு மாட்டுகிற டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது. வி.ஆர். என்றார். பெங்களூரில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி விளையாட வாங்கி, அலுத்துப்போய்க் கொடுத்தது. தலையில் மாட்டினால் ஆஸ்பத்திரி மறைந்துபோய் வேறோர் இடத்தில் உட்கார்ந்திருப்போம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த இடம்தான் தெரியும். வெளிநாடுகளில் குழந்தைகளுக்கு ஊசி போடும்போது இதை மாட்டிவிடுகிறார்கள், கவனம் அங்கே போனால் பயமும் வலியும் குறைகிறது என்று படித்தாராம்.

"இதுவும் காக்கா பாரு தானுங்க டாக்டரம்மா?" என்று நான் கேட்டேன். கேட்டே ஆகவேண்டும் என்று தோன்றியது.

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. "காக்கா நெசமா இருக்கணும். ஊசி இருக்குன்னும் சொல்லிடணும். ரெண்டும் தெரிஞ்சப்பறம் காக்காவப் பாக்கிறதா ஊசியப் பாக்கிறதான்னு அந்தக் குழந்தை முடிவு பண்ணட்டும். அப்ப அது ஏமாத்து இல்ல" என்றார்.

கண்ணாடியோடு வந்தது கடல். நீலத் தண்ணீரில் கலர் கலராக மீன்கள் வரும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த மீன்கள் மேல் பெரிய அக்கறை ஏற்படவில்லை. "இதக் கொழம்பு வெக்கலாமுங்களா?" என்று ஒருவன் கேட்டான். இன்னொருத்தி தண்ணீருக்குள் மூச்சு முட்டுகிறது என்று கழற்றிவிட்டாள். பிள்ளைகளுக்குத் தெரிந்த இடமாக இருக்கவேண்டும் என்று அவருக்குப் பட்டது. கல்யாண வீடியோ எடுக்கிற அவர் தம்பியை, சுற்றிலும் படம் பிடிக்கிற காமிராவோடு வரவழைத்தார். அக்காவும் தம்பியும் யோசித்து யோசித்துக் கடைசியில் கொல்லிமலை பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து, வளைவு வளைவாக மலையேறுவதைப் படம் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முதல் பையன் சில வளைவு வரைக்கும் "ஐ, ஐ" என்றான். அப்புறம் சத்தமில்லை. அப்புறம் காலையில் தின்ற இட்லி முழுக்க டாக்டரம்மாவின் மடியில் இருந்தது. நிஜ கொல்லிமலை பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேர் வாந்தியெடுப்பார்கள் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்களே! அதைப் பல் நாற்காலியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு பார்த்தால் என்ன ஆகும் என்று படித்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் இருந்த எனக்கும் தோன்றவில்லை. அவர் அந்தப் பையனிடம், "தப்பு என்னோடது, சாரி" என்றார். அவன் அப்பாவுக்கு, டாக்டர் பையனிடம் மன்னிப்புக் கேட்பதைப் பார்த்துத்தான் அதிக அதிர்ச்சி.

பிறகு கிடைத்ததுதான் கோழிக்குஞ்சு. ஊருக்கு வெளியே குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் பல் சுத்தம் செய்ய வந்திருந்தார். அவரிடமே அனுமதி கேட்டு, பொரிந்து வந்த மஞ்சள் குஞ்சுகளுக்கு நடுவே காமிராவை வைத்தார்கள். சந்தையில் விற்கிற கலர் குஞ்சு போலப் பச்சை நிறக் குஞ்சு ஒன்றும் அந்தக் கூட்டத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதிலும் முதலில் ஒரு கோளாறு. பச்சைக் குஞ்சைத் தேடுகிறேன் என்று பிள்ளைகள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார்கள். ஊசி வாய்க்குள் இருக்கும்போது தலை ஆடினால் என்னாவது? மறுபடி போய், தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் ஓட்டினால் தெரிகிற மாதிரி எடுத்து வந்தார்கள்.

அது வேலை செய்தது. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, மரத்துப்போக வைக்கிற களிம்பை ஈறில் தடவி, "இப்ப போடறேன்" என்று சொல்லிப் போட்ட ஊசிக்கு, குஞ்சுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் 'ம்' என்று ஒரு முனகலோடு நிறுத்திக்கொண்டார்கள். முன்பு மூன்று பேர் சேர்ந்து அமுக்கிய வயதுப் பிள்ளைகள் அவர்கள். எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்று யாராவது சொன்னால் மட்டும் அவருக்கு ஆகாது. "எந்தக் குழந்தையோட ஈறுல எறும்பு கடிச்சிருக்கு? மொளகாயக் கடிச்சா சுருக்குனு ஏறுமே, அப்படின்னு சொல்லுங்க" என்று திருத்துவார்.

அவரை வேலையை விட்டு அனுப்பிய கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிக்கு வைத்துக்கொண்டு உங்களை அழவைக்க எனக்கு இஷ்டமில்லை. பெரிய டாக்டர் அடுத்த மாதத்திலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஊரில் கேட்ட பெரியவர்களிடம் எல்லாம், மேல்படிப்புக்குப் போகிறேன் என்று வாய்கூசாமல் சொன்னார் சின்ன டாக்டர். சிகிச்சை பாதியில் நின்ற ஒரு சிறுவன் கேட்டபோது, "என்னைப் போகச் சொல்லிட்டாங்க. எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. உன் பல்ல முடிச்சிட்டுத்தான் போவேன்" என்றார். முடித்துவிட்டுத்தான் போனார். இப்போது ஆத்தூர்ப் பக்கம் சொந்தமாக வைத்திருக்கிறார். கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார், அது அவருடையதுதானே!

ஏன் அனுப்பினார்கள் என்றால், கனிஷ்காவால்.

கனிஷ்கா அந்தக் குஞ்சுப் பண்ணைக்காரரின் அக்கா மகள். இரண்டாம் வகுப்புப் படித்தாள். கீழ்க் கடவாய்ப் பல் சொத்தை. முதல் தடவை அவளைக் கூட்டிவந்த அன்று சின்ன டாக்டர் லீவு, பெரிய டாக்டர்தான் இருந்தார். அவர் கெட்டவர் இல்லை, கை சுத்தமான வேலைக்காரர். ஆனால் அவருக்கு எல்லாமே சீக்கிரம் முடியவேண்டும். அந்தக் கண்ணாடி பிள்ளைகளைச் சத்தமில்லாமல் உட்கார வைக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. "அம்முணி, கோழிக்குஞ்சு பாக்கறயா?" என்று மாட்டிவிட்டார். மாமா பண்ணைக் குஞ்சு என்று அவளும் ஆசையாக உட்கார்ந்தாள். ஊசி என்ற வார்த்தையையே யாரும் எடுக்கவில்லை. குஞ்சைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளையின் வாயில் ஊசி இறங்கியது.

அவள் பெரிய டாக்டரின் விரலைக் கடித்தாள். கண்ணாடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மாடிப்படியில் இறங்கி ஓடினாள். பல் அப்படியே நின்றுபோனது.

அடுத்த வாரம் ஈறு வீங்கி, சோறு மெல்ல முடியாமல் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அம்மா, தாய்மாமன், இரண்டு பேர் கைக்கும் நடுவே அவள். அன்றைக்கு இரண்டு டாக்டர்களுமே இருந்தார்கள். மேஜைமேல் கண்ணாடியைப் பார்த்ததும் அவள் போட்ட கூச்சலில் கீழே மருந்துக்கடைக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார்.

"புடிச்சு உக்கார வெச்சாப் போச்சுங்க. காது குத்தறப்பவும் இப்புடித்தான் பண்ணுச்சு. எம்மடியில உக்கார வெச்சு நான் புடிச்சுக்கறேன்" என்றார் மாமா. பாசத்தோடுதான் சொன்னார். கண்ணாடியை மாட்டிச் சட்டென்று முடித்துவிடச் சொன்னார் பெரிய டாக்டர்.

சின்ன டாக்டர் என்ன நடந்தது என்று என்னைத்தான் கேட்டார். சொன்னேன். அவர் தரையில் முட்டி போட்டு, கனிஷ்காவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"அன்னைக்கு உன்கிட்ட ஊசின்னு சொல்லலையா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"அது தப்பு. உன்கிட்டச் சொல்லியிருக்கணும்."

சொன்னவரை வேலைக்கு வைத்தவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். பிற்பாடு அவர் வேலையைக் காவு வாங்கியது இந்த வார்த்தைதான், மறுநாள் நடந்த எதுவும் இல்லை.

"நீங்களும் ஊசி போடுவீங்களா?" என்றாள் கனிஷ்கா.

"ஆமா. பல்லச் சரி பண்ணணும்னா போட்டுத்தான் ஆகணும்."

"வலிக்குமா?"

"வலிக்கும். சுருக்குனு இருக்கும், அப்புறம் மரத்துப்போயிரும். வீங்கியிருக்கறதால கொஞ்சம் கூடத்தான் வலிக்கும்."

குழந்தை யோசித்தது. "இன்னைக்கு வேண்டாம்" என்றது.

"சரி" என்று எழுந்துவிட்டார் அவர்.

பெரிய டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா வெளையாடறியா? கொழந்தையக் கேட்டுட்டா வைத்தியம் பண்றது?" என்றார்.

"காய்ச்சல் இல்ல சார். வீக்கம் ஈறோட நிக்குது. மருந்து குடுத்தா நாளைக்குக் கொறஞ்சிருக்கும், ஊசியும் நல்லாப் புடிக்கும். ஒரு நாள் காத்திருக்கலாம். அவசரமா இருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்."

"நாளைக்கும் வேண்டாம்னா?"

"மறுபடி பேசுவேன். வாய் அவளோடது சார்."

'ங்க' இல்லாமல் அவர் அதைச் சொன்னது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. பெரிய டாக்டர், நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு வேலை முடியவில்லை என்றால் நீ இங்கே வரவேண்டியதில்லை என்றார். சரி சார் என்றார் இவர். மருந்தை எழுதி, காய்ச்சல் வந்தாலோ கன்னம் வீங்கினாலோ எந்த நேரமானாலும் கூப்பிடச் சொல்லி, அம்மாவிடம் தன் நம்பரைக் கொடுத்தார். அவர்கள் போனபிறகு கை கழுவுகிற இடத்தில் நின்று அழுதார். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி சாமான்களைக் கழுவினேன். வேலை போய்விடும் என்ற அழுகை இல்லை அது, அந்தப் பிள்ளை ராத்திரியெல்லாம் வலியில் துடிக்குமோ என்று. "நான் செஞ்சது சரியா அக்கா?" என்று கேட்டார். "சரிதானுங்க" என்றேன். எனக்கு அப்போது அது அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. அவர் பெரியவர்களிடம் சொல்கிற வகைப் பொய் அது.

மறுநாள் காலையில் நாங்கள் கதவைத் திறக்கும்போதே அவர்கள் படியில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சொன்னார், "அவளே எந்திரிச்சுப் பல்லு வெளக்கிட்டுப் போலாம்னு நிக்கறாளுங்க." வீக்கம் குறைந்திருந்தது. பெரிய டாக்டரும் வந்து கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார்.

கனிஷ்கா கண்ணாடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மொதல்ல மாமாவுக்கு" என்றாள்.

மாமா சிரித்துக்கொண்டே நாற்காலியில் ஏறிப் படுத்தார். கண்ணாடியை மாட்டியதும், "அட, நம்ம குஞ்சு!" என்று குதூகலமானார். கனிஷ்கா ஓசைப்படாமல் போய், வாய் பார்க்கும் கண்ணாடிக் கரண்டியின் குளிர்ந்த காம்பை அவர் கன்னத்தில் வைத்தாள். அவ்வளவு பெரிய ஆள் "ஐயோ" என்று நாற்காலியைவிட்டே எகிறிவிட்டார்.

"அப்புடித்தான் இருந்துச்சு எனக்கும்" என்றாள் அவள்.

யாரும் சிரிக்கவில்லை. மாமா கண்ணாடியைக் கழற்றி, வேட்டியைச் சரி செய்துகொண்டு இறங்கி நின்றார். அவள் ஏறிப் படுத்துக்கொண்டாள். எப்போது போடப்போகிறீர்கள் என்று சொல்லவேண்டும் என்றாள். சொல்வேன் என்றார் அவர். நிறுத்தச் சொன்னால் நிறுத்தவேண்டும் என்றாள். கையைத் தூக்கு, நிறுத்திவிடுவேன் என்றார். தன் கையாலேயே கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

களிம்பு தடவிக் காத்திருந்தோம். "இப்ப போடறேன்" என்றார் டாக்டரம்மா. கனிஷ்காவின் கை மேலே போனது. ஊசி வெளியே வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "இப்ப போடறேன்." ஊசி முனை ஈறைத் தொடும்போது மறுபடி கை. மறுபடி வெளியே. கதவோரத்தில் பெரிய டாக்டர் 'ச்' என்றார். டாக்டரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளை பயத்தில் கையைத் தூக்கவில்லை, இவர் நிஜமாகவே நிறுத்துகிறாரா என்று பார்க்கிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கண்ணாடிக்குள் குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன. வெளியே நாங்கள் எல்லோரும் ஒரு குழந்தையின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கை மெதுவாக இறங்கி மடியில் உட்கார்ந்தது. "ம், போடுங்க" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள்.

போட்டார். அவள் கால்விரல்கள் மட்டும் மடங்கின. கண்ணாடியின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் காதுப்பக்கம் இறங்கியது. கை எழும்பவே இல்லை. பல்லைச் சுத்தம் செய்து அடைத்து முடிக்கும் வரைக்கும் மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லாம் முடிந்து இறங்கியதும் கனிஷ்கா நேராகப் படிக்குப் போகவில்லை. பாதி மரத்த வாயோடு, கதவோரம் நின்ற பெரிய டாக்டர் முன்னால் போய் நின்றாள். அவர் வழிவிட ஒதுங்கினார். அவள் நகரவில்லை.

"நீங்களும் இனிமே சொல்லிட்டுத்தான் போடோணும்" என்றாள்.

அம்மா பதறிப்போய், "ஏய், பெரியவங்ககிட்ட..." என்று கையைப் பிடித்து இழுத்தார். அவள் கையை உதறிக்கொண்டாள். பெரிய டாக்டர் சின்ன டாக்டரைப் பார்த்தார். சின்ன டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சாமான்களைத் தட்டில் அடுக்கினேன். குழந்தை அண்ணாந்து பார்த்தபடி பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

"சரிங்க அம்முணி" என்றார் பெரிய டாக்டர்.